மலபார் என்றொரு பெயர் – வழக்கொழிந்த ஓர் ஆங்கிலச் சொல்லின் சரித்திரம்

குழந்தைக்குப் பெயரிடும் உரிமை பெற்றோருக்கும் பெரியோருக்கும் உரியது. அப்பெயரை ஊரார் ஏற்றுக்கொள்வர். ஆனால் ஒரு சமூகத்துக்குப் பெயரிடும் உரிமை எப்பொழுதும் அச்சமூகத்தின் கையில் இருப்பதில்லை. நம் மூதாதையர் இம்மலைநாட்டுக்கு வந்த காலத்தில், அரசாங்கத்தின் ஏடுகளில் தாம் எந்தப் பெயரால் எழுதப்படுகிறோம் என்பதை அறிந்தாரல்லர். தம்மைத் தமிழர் என்றும், இன்ன ஊரார் என்றும் அவர்கள் சொல்லிக்கொண்டனர். வெள்ளைக்காரத் துரைமார் எழுதியதோ வேறு. "மலபார்" என்பதே அன்று ஆங்கிலத்தில் தமிழருக்கு வழங்கிய பெயர்.

இன்று எந்த ஆங்கில நூலிலும் தமிழரை அப்பெயரால் அழைப்பாரில்லை. மலபார் என்றால் கேரளத்தின் வடபகுதியே நம் நினைவுக்கு வரும். ஆயினும் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அச்சொல் தமிழரையும், தமிழ்ப் பாஷையையும், சில வேளைகளில் தமிழரல்லாதாரையும் குறித்து வழங்கியது. அது பிறந்தது எவ்வாறு, நம்மீது வந்து ஒட்டியது எவ்வாறு, நமது நாட்டில் அது செய்த காரியங்கள் யாவை, மறைந்தது ஏன் என்பவற்றை இளைஞர்கள் அறிந்திருத்தல் நன்று. முதியோர்க்கும் இது பயனற்ற விசாரணையன்று. அச்சொல் போன பின் அதன் இடத்துக்கு வந்த பெயர்களே நம் வாழ்வின் போக்கை நிர்ணயித்தன.

சொல்லின் பிறப்பு

மலபார் என்னும் சொல்லின் முற்பகுதி நமது "மலை" என்பதே. பிற்பகுதி பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தேசம் அல்லது கரை என்னும் பொருளுடைய "பார்" என்ற பாரசீகச் சொல் அது என்பர் சிலர். மலைச்சாரலைக் குறிக்கும் "வாரம்" என்பதன் திரிபு என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும் மலைநாடு என்பதே அதன் பொருள். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில், மிளகு விளையும் கரையே அவ்வாறு குறிக்கப்பட்டது. கி.பி. 6ஆம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் என்னும் கிரேக்க எழுத்தாளர் மிளகு ஏற்றுமதியாகும் அக்கரையை "மாலே" என எழுதினார். அராபிய வணிகரும் மாலுமிகளும் பிற்பகுதியைச் சேர்த்து வழங்கினர்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்காலத்துப் பிரயாணிகள் மேற்குக் கரையையும் கிழக்குக் கரையையும் ஒன்றெனக் கொண்டதில்லை. அராபியர் தமிழ்நாட்டின் கிழக்குக் கரையை "மஃபர்" என்றனர். 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோவும் மஃபர் தேசத்தை வேறாகவும் மலபார் தேசத்தை வேறாகவும் வருணித்திருக்கிறார். ஆகவே மயக்கம் பின்னால் வந்ததேயாகும்.

பறங்கியர் செய்த மயக்கம்

1498இல் வஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தார். போர்த்துக்கேயர் இந்தியாவில் முதலிற் கால் வைத்ததும் வேரூன்றியதும் மலபார்க் கரையில்தான். அங்குள்ள மக்களை அவர்கள் மலபார் என்றனர். அது பிழையன்று. ஆனால் குமரிமுனையைச் சுற்றிக்கொண்டு முத்துக்குளிப்புக் கரைக்கு வந்தபோது, அங்கும் முன்னர் கேட்ட பேச்சையொத்த பேச்சே அவர்கள் காதில் விழுந்தது. மலையாளமும் தமிழும் ஒரு குடும்பத்து மொழிகள். அந்நியர் செவிக்கு ஒன்றுபோலவே தோன்றியிருத்தல் வேண்டும். எனவே பழகிய பெயரையே இங்கும் சூட்டினர்.

1578ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் கொல்லத்தில் அச்சான "தம்பிரான் வணக்கம்" என்னும் நூல் இம்மயக்கத்துக்கு நல்ல சாட்சி. இந்திய மண்ணில் இந்திய எழுத்தில் அச்சேறிய முதல் நூல் எனப் போற்றப்படும் அச்சிறு நூலை ஆக்கியவர் அன்றிக்கு அடிகளார் எனப்படும் ஹென்றிக் ஹென்றிக்கஸ். அதன் முகப்பிலே நூலின் பாஷை "மலபார்த் தமிழ்" என்று போர்த்துக்கேய மொழியிற் குறிக்கப்பட்டுள்ளது. நம் பெயரும் பறங்கியர் சூட்டிய பெயரும் அங்கே அருகருகே நிற்கின்றன.

போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர், டேனியர், ஆங்கிலேயர் யாவரும் இச்சொல்லைச் சுவீகரித்தனர். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தமிழை ஆழமாகக் கற்றவர். 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சான அவரது இலக்கணம் தமிழின் பெயராலேயே வெளிவந்தது. ஆயினும் "தமிழ் அல்லது மலபார்" என்று விளக்கமும் அதன் தலைப்பிற் சேர்க்க நேர்ந்தது. 1779இல் சென்னை வேப்பேரியில் பெப்ரிசியஸ் என்னும் பாதிரியார் வெளியிட்ட அகராதியின் பெயர் "மலபார் – ஆங்கில அகராதி" என்பதே. ஆனால் அதே முகப்பில், இப்பாஷை தமிழ் என்றும், ஐரோப்பியர் பொதுவாக இதை மலபார் என அழைக்கின்றனர் என்றும் விளக்கம் காணப்படுகிறது. கற்றவர்க்கு உண்மை தெரிந்தே இருந்தது. கச்சேரியிலும் கடைவீதியிலும் வேரூன்றிய வழக்கை அவர்களாற் பெயர்க்க முடியவில்லை.

இலங்கையில் மலபார்

இலங்கையிலும் இச்சொல் அவ்வாறே நிலைபெற்றது. 1660 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டு கண்டி இராச்சியத்திற் சிறையிருந்து தப்பிச் சென்ற றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலில் வடபாகத்து வன்னித் தமிழரை மலபார் என்றே குறிக்கிறார்.

யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்த தேசவழமை நூல் ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் உருவாயிற்று. பின்னர் ஆங்கில அரசாங்கம் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்குச் சட்ட வலு அளித்தது. அங்கே யாழ்ப்பாண மாகாணத்து "மலபார்க் குடிகள்" என்றே நம்மவர் குறிக்கப்பட்டனர். 1911ஆம் ஆண்டின் முதலாம் இலக்கச் சட்டம் யாழ்ப்பாணத்தார் விவாக உரிமையையும் முதுசத்தையும் பற்றியது. அச்சட்டமோ "தேசவழமைக்கு உட்பட்ட தமிழர்" என்கிறது. ஒரே மக்கள், ஒரே வழமை; நூற்றைந்து ஆண்டுக்குள் பெயர் மாறிவிட்டது. 1806இன் மலபாரும் 1911இன் தமிழரும் ஒருவரே என்பதை நீதிமன்றங்கள் பொருள் கொள்ள வேண்டியதாயிற்று.

யாழ்ப்பாணத்தார் கேரளத்திலிருந்து வந்தவர் என்று வாதிப்போர் சிலர் இச்சொல்லையும் ஆதாரமாகக் காட்டுவதுண்டு. அக்கொள்கைக்கு வேறு ஆதாரங்கள் இருப்பின் அவற்றை ஆராயலாம். இச்சொல் மாத்திரம் ஆதாரமாகாது. சோழ நாட்டிலிருந்து வந்தான் என மகாவம்சம் கூறும் எல்லாளனின் ஆட்களையும் எமர்சன் தெனன்ற் 1859இல் எழுதிய தம் இலங்கைச் சரித்திரத்தில் மலபார் என்றே எழுதினார். அதை வைத்து எல்லாளனை மலையாளி என்பார் உண்டோ?

1815ஆம் ஆண்டு உடன்படிக்கை

இதுவரை கூறியது ஒரு பெயர்மயக்கம் மட்டுமே. அப்பெயரால் அதிகாரம் பேசத் தொடங்கியது 1815இல்.

கண்டி இராச்சியத்தை 1739 முதல் ஆண்டவர்கள் நாயக்க வம்சத்து அரசர் நால்வர். இவர்கள் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த அரச குடும்பத்துடன் மணத்தொடர்பால் வந்தவர்கள். அவர்கள் முன்னோரின் தாய்மொழி தெலுங்கு. இவர்களுள் இரண்டாமவரான கீர்த்தி சிறீ இராசசிங்கன் காலத்திலேதான், 1753இல் சீயத்திலிருந்து பிக்குகளை வரவழைத்துப் பௌத்த சங்கத்தின் உபசம்பதை புதுப்பிக்கப்பட்டது. அவ்வளவு தூரம் நாட்டோடு ஒன்றியிருந்த அரச வம்சம் அது.

1815 மார்ச் 2ஆம் திகதி தேசாதிபதி பிறவுண்றிக் கண்டிப் பிரதானிகளோடு செய்துகொண்ட உடன்படிக்கை, சிறீ விக்கிரம இராசசிங்கனின் முடியைப் பறித்தது. அத்தோடு நில்லாது, "மலபார் இனத்தாருக்கு" கண்டி மாகாணங்களை ஆளும் உரிமை எதுவும் இனி இல்லை என்றும் விதித்தது. வெளியேற்றப்பட்ட மலபார் ஆண்கள் எவரும் அரசாங்கத்தின் அனுமதியின்றி மீண்டும் அம்மாகாணங்களுள் பிரவேசிக்கலாகாது என்றும் தடை செய்தது. அரசன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே காலமானான்.

மேற்குக் கரையின் மலையாளி, கிழக்குக் கரையின் தமிழர், தெலுங்கு வழிவந்த அரச குடும்பத்தார் ஆகிய மூவரும் ஒரே சொல்லில் அடங்கினர். அச்சொல்லின் பொருளும் அன்று சற்றே திரும்பியது. முன்னர் ஒரு கரையின் பெயர். பின்னர் ஒரு பாஷையின் பெயர். இப்பொழுதோ "இந்நாட்டுக்கு அந்நியன்" என்னும் பொருளும் அதனுள் ஏறிக்கொண்டது. அதைச் சொன்னவர்கள் ஆறாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் என்பதையும் மறக்கலாகாது.

ஊவாவுக்கு வந்தவர்கள்

நமது ஊவா அன்று கண்டி இராச்சியத்தின் பகுதி. ஆகவே மேற்படி தடை பதுளைக்கும் வெல்லசைக்கும் உரியதாயிற்று. 1817இல் ஊவா–வெல்லசையில் மூண்ட கிளர்ச்சியின் தலைவனாக முன்வந்தவன், தான் நாயக்க அரச குடும்பத்துத் துரைசாமி என்றே சொல்லிக்கொண்டான். அவன் உண்மையில் சிங்களவன் என்பது பிற்பாடு தெரியவந்தது. மலபார் வம்சம் என ஆங்கிலேயர் இகழ்ந்த அந்தப் பெயருக்கு ஊவா மக்களிடையே இன்னும் மதிப்பிருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? பதுளையில் அரசாங்கப் பிரதிநிதியாயிருந்த வில்சன் அக்கிளர்ச்சியின் தொடக்கத்திற் கொல்லப்பட்டார். 1818இல் கிளர்ச்சி மிகக் கொடுமையாக அடக்கப்பட்டது.

பத்து ஆண்டு செல்லவில்லை. 1820களில் கம்பளைப் பக்கத்தில் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். எந்த மலபார் ஆண்களைக் கண்டி மாகாணங்களுள் வரலாகாது என்று எழுதினார்களோ, அந்த மலபார் ஆண்களையே இப்பொழுது ஆயிரக்கணக்காக வரவேற்றார்கள். திருச்சி, தஞ்சாவூர், மதுரை, புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து புறப்பட்டுக் கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து மாத்தளை சேர்ந்தவர்கள் அவர்கள். காலராவுக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே பலியானோர் பலர். அக்காலத்து ஆங்கிலப் பத்திரிகைகளும் கடிதங்களும் இவர்களை "மலபார்க் கூலிகள்" என எழுதின.

1815இல் மலபார் என்பது முடிக்கு உரிமை கோரிய அரசனின் பெயர். ஒரு தலைமுறைக்குள் அதுவே கோப்பிக் கன்று நட்டு, மண்வெட்டி பிடித்து, லயத்திற் படுத்தவனின் பெயராயிற்று. எழுத்து மாறவில்லை, ஏறியிருந்தவன் இறங்கிவிட்டான்.

சொல் மறைந்த விதம்

1792இல் திப்பு சுல்தானிடமிருந்து மலபார்ப் பிரதேசத்தை ஆங்கிலேயர் பெற்றனர். அது சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டமாக அமைந்தது. அங்கே ஆட்சி செய்யப் புகுந்தபோது அம்மாவட்டத்து மக்களின் பாஷை மலையாளம் என்பதும், தமிழ் வேறு என்பதும் உத்தியோகத்தர்க்கு நாள்தோறும் புலனாயிற்று. மலபார் என்னும் பெயர் உரிய இடத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. 1812இல் சென்னைப் புனித ஜோர்ஜ் கோட்டையில் உத்தியோகத்தருக்குத் தென்னாட்டு மொழிகளைக் கற்பிக்கும் கல்லூரி ஏற்பட்டது. 1816இல் எல்லிஸ் துரை தென்னாட்டு மொழிகள் ஒரு குடும்பம் என எடுத்துக்காட்டினார். 1834 முதல் வெளிவந்த றொட்லரின் அகராதி "தமிழ் – ஆங்கில அகராதி" என்றே பெயர் பெற்றது. 1856இல் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணமும், 1862இல் வின்ஸ்லோவின் பேரகராதியும் வந்தன. கற்றோரிடையே பழைய பெயர் அத்தோடு முடிந்தது.

இலங்கைத் தோட்டங்களிலும் அவ்வாறே. 1854இல் தோட்டத் தொழிலாளரிடையே தொடங்கிய கிறித்தவ மிஷன் தன் பெயரில் "தமிழ்" என்பதையே சேர்த்துக்கொண்டது. "கூலி" என்பதையும் விடவில்லை. சின்னத்துரைமார் பாஷை பழகுவதற்கென்று பெர்குசன் வெளியிட்ட "இங்கே வா" என்னும் சிறு நூலும் தமிழ்ப் போதினி என்றே தன்னைச் சொல்லிக்கொண்டது. தமிழ் என்ற பெயர் திரும்பி வந்தது நல்லதே. ஆனால் துரைமார் முதலிற் படித்த தமிழ் "இங்கே வா" என்னும் ஏவல் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

சொற்கள் எங்கும் ஒரே விதமாய் முடிவதில்லை. இந்து சமுத்திரத்திலுள்ள பிரெஞ்சுத் தீவாகிய றீயூனியனில் 1848இல் அடிமைமுறை ஒழிந்த பின், கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர் பெருந்தொகையாகக் கொண்டுசெல்லப்பட்டனர். பிரெஞ்சுக்காரரும் அவர்களை மலபார் என்றே அழைத்தனர். அங்கே அப்பெயர் மறையவில்லை. அம்மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் "மல்பார்" எனத் தம்மைச் சொல்லிக்கொள்கின்றனர். தமிழ்ப் பேச்சு பெரும்பாலும் போய்விட்டது. தீமிதியும் காவடியும் போகவில்லை. பிறர் இட்ட பெயரை அவர்கள் தமதாக்கிக்கொண்டனர். நமக்கோ அப்பெயர் போய், வேறு பெயர்கள் வந்தன.

பின்வந்த பெயர்கள்

1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் தோட்டத் தொழிலாளரை "இந்தியக் கூலிகள்" என்று குறித்தது. 1911ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் தமிழர் "இலங்கைத் தமிழர்" என்றும் "இந்தியத் தமிழர்" என்றும் முதன்முறையாக இரு கூறாக எண்ணப்பட்டனர். அவ்வாண்டு இரு கூறினரும் ஏறக்குறையச் சமம். ஒவ்வொன்றும் ஐந்தேகால் இலட்சத்துக்கு மேற்பட்டது. 1806இலும் 1840இலும் யாழ்ப்பாணத்தானுக்கும் தோட்டத்தானுக்கும் பொதுவாயிருந்த மலபார் என்னும் பெயரின் இடத்தில் இரண்டு பெயர்கள் எழுந்தன. பழைய பெயர் பிழையானதுதான். ஆனால் அது பிரிக்கவில்லை. புதிய பெயர் ஓரளவு சரியானதுதான்; ஆனால் பிரித்துவிட்டது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது அப்பிரிவின் பாரம் விளங்கியது. தகப்பன், அல்லது பாட்டனும் பூட்டனும், இந்நாட்டிற் பிறந்ததற்கு அத்தாட்சி காட்ட இயலாதோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரின் கதியைக் கணக்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு தீர்மானிக்க. அவர்களை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. இங்கே "இந்தியத் தமிழர்" என்று கப்பலேற்றப்பட்டவர்கள், நீலகிரியில் இறங்கியதும் "சிலோன்காரர்" என அழைக்கப்பட்டனர். எஞ்சியோரின் நாடற்ற நிலையை முடிவுக்குக் கொண்டுவரும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது.

இதற்கிடையே நம்மவர் தமக்குத் தாமே ஒரு பெயரைத் தேடிக்கொண்டனர். "மலையகம்" என்னும் சொல் எழுத்தாளராலும் ஆசிரியராலும் தொழிற்சங்கத்தாராலும் கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் வேரூன்றியது. "மலையகத் தமிழர்" என்பது இன்று பிள்ளைகளின் வாயிலும் வழங்குகிறது. 2023இல் இருநூறு ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்து மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் அப்பெயரையே முன்வைத்தனர். 2024ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் "இந்தியத் தமிழர்" என்பதன் அருகே "மலையகத் தமிழர்" என்பதும் இடம்பெற்றது.

நாம் அறிய வேண்டுவது

பிற மொழிப் பெயர்களைத் தம் நாவுக்கேற்பத் திரித்து வழங்குதல் எல்லா மக்களுக்கும் இயல்பு. நாமும் அதைச் செய்கிறோம். கல்லைக் குறிக்கும் "கல" என்னும் சிங்கள ஈறு நம் வாயிற் "கலை" ஆயிற்று. பூனாகலையும் மொனராகலையும் அவ்வாறு வந்தவையே. இதனால் ஒருவர்க்கும் தீங்கில்லை. ஊர்ப்பெயரை மாற்றி உச்சரிப்பது வேறு. ஒரு மக்களின் பெயரைத் தானே தீர்மானித்து, அப்பெயரைக்கொண்டு வரலாம், வரலாகாது, இருக்கலாம், இருக்கலாகாது என்று சட்டம் எழுதுவது வேறு. மலபார் என்னும் சொல்லின் சரித்திரம் நமக்குப் போதிப்பது இவ்வேறுபாட்டையே.

இளைஞர்கள் இதனை இரு வகையிற் பயன்படுத்தலாம். பழைய ஆவணங்களிலும் ஆங்கிலச் சரித்திர நூல்களிலும் மலபார் என்னும் சொல்லைக் கண்டால், உடனே கேரளம் என்று எண்ணிவிடாதீர்கள். எந்த ஆண்டில், யார், யாரைக் குறித்து எழுதினார் என்று முதலிற் பாருங்கள். பின்னர் பொருள் கொள்ளுங்கள். இரண்டாவது, இன்று நம் வீட்டுப் பிள்ளையின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்திலும், பாடசாலைப் படிவத்திலும், குடிமதிப்புத் தாளிலும் இனம் என்ற இடத்தில் என்ன எழுதப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். ஒரே வீட்டில் தகப்பனுக்கு ஒரு பெயரும் மகனுக்கு வேறு பெயருமாக எழுதப்பட்டிருப்பதை நாம் எத்தனையோ வீடுகளிற் காணலாம். எந்தப் பெயரை எழுதுவது என்பதை வீட்டார் கலந்து தீர்மானிக்கட்டும். எழுதுபவர் தம் பழக்கத்துக்கு எழுதிச் செல்லாதிருக்கட்டும். நம் பாட்டன்மார்க்கு எழுதப் படிக்கத் தெரியாததால் அவர்கள் பெயரை மற்றவர் எழுதினர். நமக்கு அந்நியாயம் நேர வேண்டியதில்லை.

முடிவாக ஒன்று. பிறர் இட்ட மலபார் என்னும் பெயரை உரித்துப் பார்த்தால், உள்ளே இருப்பது நமது "மலை" என்னும் சொல். நாமே தேர்ந்துகொண்ட மலையகம் என்னும் பெயரிலும் இருப்பது அதே சொல். முன்னையது நாம் காணாத ஒரு மலையின் பெயர். அதை அறியாமலே இருநூறு ஆண்டின் முன் சுமந்து வந்தோம். பின்னையது நாம் காடு வெட்டி, கல் பெயர்த்து, கொழுந்து வளர்த்த மலையின் பெயர். அதனை அறிந்தே சுமப்போமாக.